மச்சில் பலகை அடிப்பதற்கு முன் உத்திரத்தைப் பாருங்கள்

கும்பகோணம், மயிலாடுதுறை, திருவாரூர் பக்கம் பழைய ஓட்டு வீடுகளைப் பழுது பார்ப்பது என் தொழில். ஆடி, ஆவணியில் மழைக்கு முன்பாக ஓடு மாற்றக் கூப்பிடுகிறவர்கள் பெரும்பாலும் கூடவே ஒன்றைக் கேட்பார்கள்: “மேலே இடம் சும்மாதானே கிடக்கு, பலகை அடிச்சுட்டா சாமான் போட்டு வைக்கலாமே?” கேட்பதில் தப்பே இல்லை. கொலு பொம்மைப் பெட்டி, பித்தளை அண்டா, கல்யாணச் சீர், விதைநெல் எல்லாம் எங்கே போகும்? வெள்ளம் வருகிற ஊரில் மேலே, ஓட்டுக்கும் சீலிங்குக்கும் நடுவே மச்சு என்று ஓர் இடம் இருப்பது நல்லதுதான்.

ஆனால் எல்லோரும் பலகையைப் பற்றியே பேசுகிறார்கள். எந்த மரம், என்ன கனம், சதுர அடி என்ன விலை. ஒருவர் என்னிடம், “முக்கால் அங்குலப் பலகை சார், யானையே நிக்கும்” என்றார். பலகை நிற்கும் ஐயா, அதைத் தாங்குகிற உத்திரம் நிற்க வேண்டுமே!

நெல் சேர்ப்பதற்கென்றே கட்டிய மச்சு சில வீடுகளில் உண்டு. அங்கே உத்திரங்கள் பருமனாக, நெருக்கமாக இருக்கும். வேறு பல வீடுகளில் மேலே ஓடுகிற மரச்சட்டங்கள் சீலிங்கைப் பிடித்துக்கொள்ள மட்டுமே போட்டவை. கீழிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். பலகை அடித்த நாளிலிருந்து அந்தச் சீலிங் ஒரு தளமாகிவிடுகிறது. கீழே தாங்குகிற மரச்சட்டத்துக்கு அது தெரியாது.

எடையைக் கொஞ்சம் போட்டுப் பார்ப்போம். மனிதர் புழங்கும் வீட்டு அறைத் தளத்துக்கு இந்தியத் தர விதி (ஐ.எஸ். 875, பகுதி 2) வைத்திருக்கும் சுமை சதுர மீட்டருக்கு 2 கிலோநியூட்டன், அதாவது ஏறக்குறைய 200 கிலோ. சதுர அடிக்குப் பார்த்தால் 19 கிலோ வரும். 60 கிலோ நெல் மூட்டை ஐந்தை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் 300 கிலோ. அது உட்காரும் இடம் சுமார் ஆறு சதுர அடி. சதுர அடிக்கு 50 கிலோ ஆகிவிட்டது! முறையாகக் கட்டிய தளத்துக்கே இது அதிகம் என்றால் சீலிங் சட்டம் என்ன செய்யும்? புத்தகப் பெட்டிகளும் இப்படித்தான், பார்க்க ஒன்றும் தெரியாது. தண்ணீர்த் தொட்டியை மரச்சட்டத்தின் மேல் ஏற்றவே கூடாது. 500 லிட்டர் என்றால் தண்ணீர் மட்டும் 500 கிலோ.

உத்திரத்தின் பலம் அதன் உயரத்தில் இருக்கிறது. இரண்டுக்கு நாலு அங்குலச் சட்டத்தைப் படுக்க வைப்பதைவிட, நாலு அங்குலப் பக்கம் உயரமாக வரும்படி நிறுத்தி வைத்தால் நான்கு மடங்கு விறைப்பாக இருக்கும். மரம் அதேதான், செலவும் அதேதான். நீளம் இதற்கு நேர்மாறு: அதே சட்டம், அடிக்கு அதே எடை, தாங்கும் சுவர்களுக்கு இடையிலான தூரம் மட்டும் இரட்டிப்பானால் தொய்வு 16 மடங்கு. அதனால்தான் சந்தேகமான மச்சில் பழைய சட்டங்களை மாற்றச் சொல்வதற்கு முன், நடுவில் குறுக்கே ஓர் உத்திரம் கொடுக்க முடியுமா என்று பார்ப்பேன். அதன் இரு முனையும் நல்ல கனமான சுவரில் உட்கார வேண்டும். பிற்பாடு எழுப்பிய தடுப்புச் சுவரை நம்பக் கூடாது.

அப்புறம் மரத்தின் நிலை. இதற்கு ஒரு டார்ச்சும் ஒரு ஸ்க்ரூ டிரைவரும் போதும். நடுப்பகுதியைத் தட்டிப் பார்த்துவிட்டுத் திருப்தியாகிவிடாதீர்கள். உத்திரம் சுவருக்குள் நுழைகிற முனைதான் முதலில் போகும். ஓடு ஒழுகிச் சுவர் ஈரம் குடிக்கும், அந்த ஈரம் முனைக்கு ஏறும், காற்றும் படாது. திருவாரூர் பக்கம் ஒரு வீட்டில் வார்னிஷ் பளபளவென்று இருந்த தேக்கு உத்திரத்தின் முனையில் ஸ்க்ரூ டிரைவரை வைத்து லேசாக அழுத்தினேன். பிடி வரைக்கும் உள்ளே போய்விட்டது. வெளியே இழுத்ததும் ஈரமான பழுப்புத் தூள் கொட்டியது. சுவரோரமாகப் பென்சில் கனத்தில் மண்கோடு ஒன்று மேலே ஏறியிருந்தது. அது கரையான் பாதை. நிலத்தடி நீர் மேலேயே இருக்கும் நம் டெல்டா மண்ணில் கரையான் சுவர் வழியாக மச்சு வரை ஏறிவிடும். மண்கோட்டைச் சுரண்டிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்க வேண்டாம்; கூடு தரையில் இருக்கிறது, மருந்து அங்கே போக வேண்டும். சட்டத்துக்குக் கீழே மாவு போலப் பொடி உதிர்ந்து கிடந்தால் அது உளு. மரத்தைத் துளைக்கிற வண்டின் வேலை.

தென்னை, பனை பற்றியும் சொல்லிவிடுகிறேன். 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம், பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத் தோப்புகளைச் சாய்த்துவிட்டுப் போனது. விழுந்த மரத்தை அறுத்துச் சட்டமாக்கலாமா என்று கேட்பவர்கள் இப்போதும் உண்டு. தென்னையிலும் பனையிலும் வைரம் வெளிவட்டத்தில்தான் இருக்கும், உள்ளே வெறும் சோறு. வெளிப்பகுதியில் எடுத்து நன்றாகக் காயவைத்த சட்டம் என்றால் சரி. நடுப்பகுதியில் அறுத்ததை மச்சுக்குப் போடாதீர்கள்.

உத்திரம் தேறிவிட்டால் பலகை வேலை எளிது. பலகை சட்டங்களுக்குக் குறுக்கே ஓட வேண்டும், ஒவ்வொரு முனையும் ஒரு சட்டத்தின் மேலேயே முடிய வேண்டும். அந்தரத்தில் முடிகிற முனையில் கால் வைத்தால் ஆள் கீழேதான். ப்ளைவுட் என்றால், சட்டங்கள் இரண்டடி இடைவெளியில் இருக்கும்போது 18 மி.மீ.க்குக் குறையாதீர்கள். பார்ட்டிகிள் போர்டு வேண்டவே வேண்டாம், ஒரு ஒழுகலில் ஊதிப்போகும். எட்டுக்கு நாலு ஷீட் ஒன்றே முப்பத்தைந்து கிலோவுக்கு மேல் இருக்கும், மச்சு வாயிலில் நுழையாது. நீளவாக்கில் இரண்டாக அறுத்து ஏற்றுங்கள். மரப்பலகை அகலவாக்கில்தான் ஊறும், சுருங்கும். ஐப்பசி ஈரத்தில் இறுக்கி அடித்தால் சித்திரையில் இடுக்கு விடும். அடிப்பதற்கு முன் பலகைகளை அதே மச்சில் சில நாள் பரப்பி வையுங்கள். சுவரோரம் ஒரு விரல் இடம் விடுங்கள். ஆணிக்குப் பதில் ஸ்க்ரூ போடுங்கள், நாளைக்குக் கழற்றிப் பார்க்க முடியும்.

ஆசாரி ஸ்க்ரூ முடுக்க ஆரம்பிப்பதற்கு முன்னால் எலக்ட்ரீஷியன் வந்துபோயிருக்க வேண்டும். ஃபேனுக்கும் லைட்டுக்கும் போகும் பழைய ஒயர்கள் சட்டங்களின் மேலே அப்படியே கிடக்கும். எலி கடித்திருக்கும், ஸ்க்ரூ குத்தும். பைப்புக்குள் விட்டு, போகிற தடத்தைப் பலகைமேல் கோடு போட்டு வையுங்கள். ஒயருக்கு வழி விடுகிறேன் என்று உத்திரத்தின் அடிப்பக்கத்தில் யாரையும் வெட்ட விடாதீர்கள். நடுநீளத்தில் விழும் வெட்டு உத்திரத்தையே முறித்துவிடும்.

சாமான் ஏற்றும்போது கனமானவை சுவரோரம், லேசானவை நடுவில். ஓட்டுக்கும் சாமானுக்கும் இடையே காற்றுப் போக இடம் வேண்டும். வெயில் காலத்தில் ஓட்டடியில் சூடு பயங்கரமாக இருக்கும்; கேஸ் சிலிண்டர், பெட்ரோல், தின்னர், பழைய பேட்டரி எதுவும் அங்கே ஏறக் கூடாது.

மச்சில் நெல் வைப்பவர்களிடம் கெஞ்சியே கேட்கிறேன். வண்டுக்கு என்று அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையை வீட்டுக்குள் வைக்காதீர்கள். காற்றின் ஈரம் பட்டாலே அது பாஸ்பீன் என்ற வாயுவாக வெளியேறும். அது காற்றைவிடச் சற்றுக் கனமானது. பலகை இடுக்கு வழியாகக் கீழே குழந்தைகள் தூங்கும் அறைக்கு இறங்கும். அதற்கு மாற்று மருந்து கிடையாது. விதைநெல்லை நன்றாகக் காயவைத்து, நொச்சியும் வேப்பிலையும் போட்டுக் கட்டி வையுங்கள். ஏற்கெனவே மாத்திரை வைத்துவிட்ட வீட்டில் பூண்டு நெடியோ அழுகிய மீன் நெடியோ வந்தால், மேலே ஏறி எடுக்கப் போகாதீர்கள். நெடியே வராவிட்டாலும் யாருக்காவது வாந்தி, மூச்சுத்திணறல் என்றால் அதே அவசரம்தான். எல்லோரையும் வெளியே கூட்டிக்கொண்டு வந்து உடனே 108-க்குக் கூப்பிடுங்கள். மாத்திரை வைத்த விஷயத்தை மறைக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.