வெயில் வரையும் கோடு

ஒரு ரூபாய் நாணயத்தை மேசையில் வைத்து, நேர் மேலே இருந்து டார்ச் அடித்துப் பாருங்கள். எழுத்து மங்கலாகத்தான் தெரியும். டார்ச்சைப் பக்கவாட்டில் தாழ்த்துங்கள். ஒவ்வொரு விளிம்பிலும் மெல்லிய நிழல் விழுந்து எழுத்து பளிச்சென்று எழும்.

பழைய எகிப்தியச் சிற்பிகளுக்கு இந்த வித்தை அத்துப்படி. தெய்வங்களையும் மன்னர்களையும் அவர்கள் சுவரில் இரண்டு விதமாகச் செதுக்கினார்கள். ஒன்று, நமக்குப் பழக்கமான புடைப்புச் சிற்பம். சுற்றியுள்ள கல்லை எடுத்துவிட, உருவம் மட்டும் மேலே நிற்கும். இன்னொன்றில் சுற்றியுள்ள கல் அப்படியே இருக்கும். உருவத்தின் விளிம்பைச் செங்குத்தாக வெட்டி இறக்கி, அந்தப் பள்ளத்துக்குள்ளேயே உடலைச் செதுக்குவார்கள். சுவர் மட்டத்தைத் தாண்டி எதுவும் நீட்டாது.

இந்தக் குழிவுச் சிற்பத்தைப் பெரும்பாலும் வெளிச்சுவர்களில் பார்க்கலாம். காரணம், வெயில். சூரியன் சுவருக்கு நேர் எதிரே 60 டிகிரி உயரத்தில் நிற்கிறது என்று வையுங்கள். 1 செ.மீ. ஆழமுள்ள மேல் விளிம்பு கிட்டத்தட்ட 1.7 செ.மீ. நிழலைக் கீழே தள்ளும். அமுன் தெய்வத்தின் தோளை ஒட்டி மை தீட்டியதுபோல ஒரு கறுப்புக் கோடு! அது பள்ளத்துக்குள் விழுவதால் உருவத்தின் வெளிக்கோடாகவே அமைந்துவிடுகிறது. மெல்லிய புடைப்போ அந்த வெயிலில் வெளிறிப்போகும். கோயிலுக்குள் மங்கிய வெளிச்சத்தில்தான் அதற்கு அழகு. அபிடோஸில் மன்னர் முதலாம் சேத்தி கட்டிய கோயிலின் உள்ளறைப் புடைப்புகளை மிஞ்ச எகிப்தில் வேறில்லை என்பேன்.

அவர் மகன் இரண்டாம் ராமசேஸ் வேறு ரகம். கார்னாக் கோயிலில் 134 தூண்கள் நிற்கும் மண்டபத்தின் வடபாதியில் தந்தையின் புடைப்புகள், தென்பாதியில் மகனின் குழிவுகள். தொடக்கத்தில் மகனும் புடைப்பாகத்தான் செதுக்க வைத்தார். அப்புறம் மனம் மாறி, முடிந்த சிலவற்றைக்கூடக் குழிவாக வெட்டித் திருத்தினார்கள். பின்புலக் கல்லை முழுக்க எடுக்கும் வேலை மிச்சம் அல்லவா?

சரி, சுவரில் உளி வைப்பதற்கு முன் என்ன நடந்தது? மன்னர் பள்ளத்தாக்கில் ஹோரெம்ஹெப் என்ற மன்னரின் கல்லறை பாதி வேலையில் நின்றுபோனதால், அதை இன்றும் படிப்படியாகப் பார்க்க முடிகிறது. சிவப்புக் கோட்டில் முதல் வரைவு. அதன்மேல் கறுப்பில் திருத்தம்; மூத்த கைக்காரர் போட்டிருக்க வேண்டும். பக்கத்திலேயே உளி பாதி இறங்கிய உருவம். அளவு பிசகாமல் இருக்கக் காவியில் தோய்த்த நூலை இழுத்துச் சுண்டிக் கட்டங்கள் போடுவதும் வழக்கம். நிற்கும் உருவத்துக்கு உள்ளங்காலில் இருந்து நெற்றி முடி வரை 18 கட்டம். முழங்கால் 6, தோள் 16. சுவர் எவ்வளவு பெரிதானாலும் இந்தக் கணக்கு மாறாது.

மூன்றாம் ராமசேஸின் கோயில் நிற்கும் மெதினெத் ஹாபுவில் இத்தகைய சுவர்ச் சிற்பங்களைப் பிரதியெடுக்க, சிகாகோ பல்கலைக்கழகக் குழு 1924-ல் வேலையைத் தொடங்கியது. அவர்களுடைய மைக்கோட்டு வரைபடங்களில் வெளிச்சம் எப்போதும் இடது மேல்மூலையில் இருந்து வருவதாகக் கணக்கு. வெயில் படும் விளிம்புக்கு மெல்லிய கோடு, நிழலுக்குத் தடித்த கோடு. வலப்பக்கமும் அடிப்பக்கமும் கோடு தடித்திருந்தால் அது புடைப்பு. இடப்பக்கமும் மேலேயும் தடித்திருந்தால், அந்த மன்னர் கல்லுக்குள் இறங்கி நிற்கிறார்.