‘வகை ஓவியம்’ என்றால் என்ன ஓவியம்?

மாஸ்கோ திரெத்தியாகோவ் கலைக்கூடத்தில் ரஷ்ய ஓவியர் பாவெல் ஃபெதோத்தவ் 1848இல் தீட்டிய ஓவியம் ஒன்று இருக்கிறது. வணிகர் வீட்டுக்கு ஒரு மேஜர் பெண் கேட்டு வருகிறார். கல்யாணத் தரகி வந்து சொன்னதும் பெண் வெட்கமும் பதற்றமுமாக உள்ளே ஓடப் பார்க்கிறாள். அம்மா அவள் பாவாடையை எட்டிப் பிடிக்கிறாள். அப்பா அவசரமாக அங்கிக்குப் பித்தான் போடுகிறார். மாப்பிள்ளையோ கதவுக்கு அப்பால் மீசையை முறுக்கிக்கொண்டு நிற்கிறார். வீடே தவிக்கும் இந்தப் படத்தின் கீழ் ‘வகை ஓவியம்’ என்று தமிழில் எழுதுகிறார்கள். போன வாரம் மறுபடியும் பார்த்தேன். மனசு பொறுக்கவில்லை.

மூலம் ‘ஜானர்’ என்ற பிரெஞ்சுச் சொல். இனம், வகை என்று பொருள்படும் ‘கெனுஸ்’ என்ற லத்தீனிலிருந்து வந்தது. 18ஆம் நூற்றாண்டு பிரான்சில் புராண, சமய, வரலாற்று ஓவியங்களுக்கே முதல் மரியாதை. மற்றவற்றை எல்லாம் ஒரே மூட்டையாகக் கட்டி இந்தப் பெயரிட்டார்கள். பிறகு இயற்கைக்காட்சி போன்றவை தனித்தனியே பிரிந்துபோக, சாதாரண மனிதர்களின் வாழ்க்கையைக் காட்டும் படங்களுக்கு மட்டும் அது நிலைத்தது.

ஆக, ‘வகை’ என்பது சொல்லின் பிறப்பே தவிர, பொருள் அல்ல. வகை என்றால் தமிழன் உடனே ‘எந்த வகை?’ என்றுதான் கேட்பான். வகைமை ஓவியம் என்றாலும் அதே கேள்விதான். இலக்கியத்துக்கு வகைமை நல்ல சொல். நாவல் ஒரு வகைமை, சிறுகதை ஒரு வகைமை. இங்கே அது எதையும் சுட்டவில்லை. ‘ஜானர் ஓவியம்’ என்று அப்படியே விடலாமா? திரில்லர் ஜானர், ஹாரர் ஜானர் என்று சினிமாக்காரர்கள் அதை முழுசாக எடுத்துக்கொண்டார்கள். ‘ழானர்’ என்று எழுதினால் தனித்தமிழ் ஆகிவிடாது. நாவை மடித்துச் சொல்லும் நம் ழகரத்துக்கும் அந்தப் பிரெஞ்சு ஒலிக்கும் உறவே கிடையாது.

‘அன்றாட ஓவியம்’ பரவாயில்லை. ஆனால் பெண் கேட்டு வருவது அன்றாடம் நடப்பதா? வீட்டுக்கு வீடு நடப்பது, அவ்வளவுதான். அதனால் ‘வாழ்க்கைக் காட்சி ஓவியம்’ என்கிறேன். மதுக்கடை, சந்தை, சமையலறை, பெண் கேட்கும் கூடம் எல்லாம் அதில் அடங்கும். 17ஆம் நூற்றாண்டு டச்சுக்காரர்களுக்கு இப்படி ஒரு பொதுப்பெயரே இருக்கவில்லை. படத்தில் இருப்பதைச் சொல்லியே அழைத்தார்கள். நம் மொழிபெயர்ப்பாளர்கள் அகராதியின் முதல் பொருளை எடுக்கும் முன் படத்தை ஒரு தரம் பார்க்கக் கூடாதா? ஃபெதோத்தவின் படத்தில் முன்னால் ஒரு பூனை முகம் கழுவிக்கொண்டிருக்கிறது; பூனை முகம் கழுவினால் விருந்தாளி வருவார் என்பது ரஷ்ய வீடுகளின் நம்பிக்கை. அந்தப் பூனைக்கு ‘வகை’யில் எங்கே இடம்?