மகசூல்: தாசில்தாருக்கு உறவான சொல்

செட்டிநாட்டின் பெரும்பகுதி சிவகங்கை மாவட்டத்துக்குள் இருக்கிறது. ஒன்றிய அரசு 2025 அக்டோபர் 11 அன்று தொடங்கிவைத்த ‘பிரதமரின் தன்-தான்ய கிருஷி யோஜனா’ என்ற வேளாண் திட்டத்துக்கு நாடெங்கும் எடுத்துக்கொண்ட 100 மாவட்டங்களில் சிவகங்கையும் ஒன்று. தமிழ்நாட்டில் இராமநாதபுரம், விருதுநகர், தூத்துக்குடி ஆகியவை மற்ற மூன்று. ஆண்டுக்கு 24,000 கோடி ரூபாய், ஆறு ஆண்டுகள், 11 துறைகளின் 36 திட்டங்களை ஒரே நுகத்தில் பூட்டுவது என்பது ஏற்பாடு. இதைப் பற்றித் தமிழில் வரும் செய்திகளிலும் அறிவிப்புகளிலும் உற்பத்தி, மகசூல், உற்பத்தித்திறன் என்ற மூன்று சொற்கள் ஒன்றுக்கொன்று பதிலாகப் புழங்குகின்றன. மூன்றும் ஒன்றல்ல. வானம் பார்த்த எங்கள் பூமிக்கு இந்த வேறுபாடு அகராதியோடு முடிகிற சங்கதியும் அல்ல. எந்தச் சொல்லால் அளக்கிறார்களோ அந்தச் சொல் காட்டும் இடத்துக்குத்தான் பணமும் போகும்.

முதலில் மகசூல்.

காதுக்குத் தமிழ் போலவே இருக்கும். சூல் என்றால் கரு. நெற்பயிர் பொதி கட்டுவதைச் சூல் பிடித்திருக்கிறது என்கிறோம். அதனால் மகவு, சூல் என்று பிரித்துப் பார்க்கக்கூட ஆசை வரும். ஆனால் சொல் அரபு. ஹ, ஸ, ல என்ற மூன்று மெய்கள் அதன் வேர். கிடைத்தல், கைவசமாதல் என்பது வேரின் பொருள். ‘மஹ்ஸூல்’ என்றால் கிடைத்தது, திரட்டியது. அரபியில் விளைபொருளையும் குறிக்கும். பாரசீகம் வழியாக உருதுவுக்கு வந்தபோது வரி, சுங்கம் என்ற பொருள் முன்னால் வந்து நின்றுகொண்டது. தபால் கட்டணத்தைக்கூட உருதுவில் ‘மஹ்ஸூல் டாக்’ என்பார்கள். மராத்தியில் ‘மஹசூல்’ என்றாலே அரசின் வருவாய்தான். மகாராட்டிர வருவாய்த்துறையின் பெயரே ‘மஹசூல் விபாக்’. குஜராத்தியிலும் அதே பொருள். இதே வேரில் கிளைத்த ‘தஹ்ஸீல்’ என்றால் திரட்டுதல். அதுதான் நம் தாசில், திரட்டுகிறவர் தாசில்தார். மகசூலும் தாசில்தாரும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். (ஓசையை வைத்து ‘வசூல்’ என்பதையும் இந்தக் குடும்பத்தில் சேர்த்துவிடக் கூடாது. அதன் வேர் வ, ஸ, ல. போய்ச் சேர்தல் என்று பொருள்.)

நவாபு ஆட்சிக் காலத்து வரிக்கணக்கோடு தமிழுக்குள் நுழைந்த கூட்டம் இது. பசலி, ஜமாபந்தி, கிஸ்தி எல்லாம் கூடவே வந்தவை. ‘பஸ்ல்’ என்றால் அறுவடைப் பருவம். அதிலிருந்து பசலி ஆண்டு. 2025 சூலை 1 முதல் 2026 சூன் 30 வரை பசலி 1435. கிராமத்துப் பயிர்க்கணக்கான அடங்கலில் இன்றும் பசலி போட்டுத்தான் பயிர் எழுதுகிறார்கள். சிவகங்கைச் சீமை 1803இல் கும்பினியாரின் நிரந்தரத் தீர்வையின்கீழ் ஜமீனாயிற்று. களத்தில் குவிந்த நெல் மேல்வாரம், குடிவாரம் என்று இரண்டாகப் பிரிந்தது. மேலே இருக்கிறவருக்கு மேல்வாரம், உழுத குடிக்குக் குடிவாரம். மகசூல் என்ற சொல் முதலில் நின்ற இடம் அந்தக் குவியலின் மேல்வாரப் பக்கம். கணக்குப்பிள்ளையின் கண்ணில் நெல் எப்படித் தெரிந்ததோ அதன் பெயர் அது.

ஆனால் தமிழ் விவசாயி அந்தச் சொல்லைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார் என்பதைச் சொல்லாமல் விட்டால் அநியாயம். மராத்தியில் அரசின் பையில் இருக்கும் மஹசூல், தமிழில் வயலுக்கு வந்துவிட்டது. பேச்சில் ‘மாசூல்’ என்று தேய்ந்தும் போயிற்று. யாரும் இதை வேற்றுச்சொல்லாக நினைத்துப் பேசுவதில்லை. அதைப் பேச்சிலிருந்து விரட்ட வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. திட்டம் தீட்டும் இடத்தில் அதை எங்கே வைப்பது என்பதுதான் கேள்வி.

நம்மிடம் இதற்குச் சொல் இல்லாமல் இல்லை. மிகப் பழையது ‘விளையுள்’. செய்யுள், கடவுள் போல ‘உள்’ ஈறு பெற்ற பெயர். ‘தள்ளா விளையுளும் தக்காரும் தாழ்விலாச் செல்வரும் சேர்வது நாடு’ என்று நாட்டுக்கு இலக்கணம் சொல்லும்போது வள்ளுவர் முதலில் வைத்தது இதை. ‘தள்ளா’ என்பதைக் கவனிக்க வேண்டும். நிறைய விளைவது என்று அவர் சொல்லவில்லை. குன்றாமல் விளைவது என்கிறார். ஓராண்டு கொட்டி மறு ஆண்டு காய்ந்துபோகும் விளையுள் அந்தக் குறளின் அளவில் தேறாது. ‘விளைவு’ என்ற சொல்லும் வயலில் பிறந்ததுதான். இப்போது எதன் பலனுக்கும் பொதுவாகிவிட்டதால் பயிருக்குச் சொன்னால் குழப்பம் வரும். ‘விளைச்சல்’ குழப்பமில்லாமல் நிற்கிறது. எங்கள் பக்கத்துப் பேச்சில் ‘வெள்ளாமை’. வேளாண்மை என்பதன் திரிபு. உழவையும் குறிக்கும், அறுத்து வந்த நெல்லையும் குறிக்கும். சின்னப்பிள்ளை வெள்ளாமை வீடு வந்து சேராது என்ற பழமொழியில் இரண்டாவது பொருள் தெளிவு. தூற்றி அளந்து கையில் கண்ட நெல்லுக்குக் ‘கண்டுமுதல்’ என்ற இன்னொரு சொல்லும் உண்டு. பயிர் நிற்கும்போது மதிப்பிட்டது கண்டுமுதல் ஆகாது. களத்தில் மரக்காலால் அளந்த பிறகே அந்தப் பெயர்.

இனி உற்பத்தித்திறன். இது அண்மைக் காலத்து மொழிபெயர்ப்புச் சொல். ‘உற்பத்தி’ வடமொழி, தோன்றுதல் என்று பொருள். ஆலையில் ஆணி தோன்றுவதற்கும் வயலில் நெல் விளைவதற்கும் ஒரே சொல் போதும் என்றால் இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் பயிருக்கு ‘விளைதிறன்’ என்ற சொல் நேர்த்தியாகப் பொருந்துகிறது: விளையும் திறன், விளைந்த திறன், இனி விளையக்கூடிய திறன் என முக்காலமும் வினைத்தொகைக்குள் அடங்கிவிடும். மொத்த நெல் எத்தனை டன் என்பது உற்பத்தி. ஓர் ஏக்கருக்கு எத்தனை மூட்டை என்பது மகசூல் அல்லது விளைச்சல். விளைதிறன் என்பது விகிதம்: இட்டது இவ்வளவு, எடுத்தது இவ்வளவு. இட்டது நிலமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. விதையாகவும் ஆள்கூலியாகவும் தண்ணீராகவும் இருக்கலாம். திட்டக் காகிதங்கள் பெரும்பாலும் நிலத்தை மட்டுமே கீழே வைத்து வகுக்கின்றன.

பாண்டி நாட்டுப் பழைய கணக்கு அப்படி இல்லை. நிலத்தை அளப்பதே விதையால்தான்: இத்தனை மரக்கால் விதைப்பாடு, இத்தனை கோட்டை விதைப்பாடு. அந்த அளவு விதை பிடிக்கிற நிலம் என்று பொருள். விதைக்கு எத்தனை மடங்கு வந்தது என்று கேட்டால், அதுவே விளைதிறன் கணக்கு. சொல் புதிது, பார்வை பழையது.

கல்லல் பக்கம் என் பெரியப்பா இன்னும் கண்மாய்ப் பாசனத்தில் நெல் போடுகிறார். போன முறை போயிருந்தபோது, “ஏக்கருக்கு எவ்வளவு மகசூல் பெரியப்பா?” என்று கேட்டேன். “எந்த வருசத்தைக் கேக்குற? கம்மா பெருகுன வருசமா, பெருகாத வருசமா?” என்றார். இரண்டையும் சொல்லுங்கள் என்றேன். “பெருகுன வருசம் எந்த வயக்காடும் வெளையும். அதைக் கேட்டு என்ன பண்ணப் போற? பெருகாத வருசம் எத்தனை வயல் அறுத்தோம்னு கேளு.” பிறகு மடையிலிருந்து வயல் வயலாகக் கை நீட்டிக் காட்டினார்: இது வரைக்கும் பாய்ந்தது, இதற்கு மேல் காய்ந்தது.

அவர் சொன்னதை எண்ணாக்கிப் பார்ப்போம். கணக்குக்காக, பத்து ஏக்கர் விதைத்து நான்கு ஏக்கர் கருகி, ஆறு ஏக்கர் அறுத்து, 120 மூட்டை வந்தது என்று வைத்துக்கொள்வோம். அறுத்த நிலத்தால் வகுத்தால் ஏக்கருக்கு 20 மூட்டை. விதைத்த நிலத்தால் வகுத்தால் 12. மேடையில் முதல் எண் நன்றாக ஒலிக்கும்; வீட்டுக்கு வந்தது இரண்டாவது. பயிர் அறுவடைப் பரிசோதனை என்று புள்ளியியல் துறையினர் செய்வதை ஊரில் பார்த்திருப்பீர்கள்: சீட்டுப் போட்டது போலத் தேர்ந்த வயலில் 5 மீட்டருக்கு 5 மீட்டர் கயிறு கட்டி, அறுத்து, அடித்து, எடை போட்டு, 400ஆல் பெருக்கினால் ஹெக்டேர் கணக்கு. மதிப்புள்ள முறை அது. பயிர்க் காப்பீடே அதை நம்பி இருக்கிறது. அந்த எண்ணோடு, விதைத்ததில் எவ்வளவு அறுத்தது என்ற எண்ணும் சேர்ந்தால்தான் செட்டிநாட்டின் விளைதிறன் தெரியும்.

உற்பத்தி வேறு, விளைதிறன் வேறு என்பதை எங்கள் ஊர்க்காரர்கள் கடல் தாண்டியே பார்த்திருக்கிறார்கள். கீழ்ப் பர்மாவின் ஐராவதிக் கழிமுகத்தில் காட்டை அழித்து நெல்வயலாக்கிய குடியானவர்களுக்குப் பெரும் அளவில் கடன் கொடுத்தது செட்டிநாட்டுச் செட்டியார்களான நகரத்தாரின் பணம். பர்மா அரிசி உலகச் சந்தையை நிறைத்தது. ஆனால் அங்கே கூடியது பரப்பு. ஏக்கருக்கு விளைவது பெரிதாகக் கூடவில்லை. 1930களின் பெருமந்தத்தில் நெல் விலை சரிந்ததும் கடன் திரும்பவில்லை. முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் நூற்றுக்கு 6 பங்காக இருந்த செட்டியார்களின் நிலம் 1938 வாக்கில் 25 பங்காயிற்று. வட்டி கேட்டவர்களுக்கு வயல் வந்து சேர்ந்தது. போர் வந்தபோது அதுவும் கைவிட்டுப் போயிற்று. அந்த வருமானத்தில் கானாடுகாத்தானிலும் தேவகோட்டையிலும் எழுந்த வீடுகள் ஓட்டில் விழுந்த மழையை முற்றத்தில் பிடித்துவைத்தன. வீட்டுக்கு வெளியே இருந்த செம்மண் சரளை நிலம் புன்புலமாகவே இருந்தது.

புன்புலம் என்றேன். மானாவாரிக்கு அதுதான் சங்கத் தமிழ். மானாவாரி என்பதும் ‘வானவாரி’யின் திரிபே. தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியனிடம் குடபுலவியனார் பாடிய புறநானூற்றுப் பாட்டில் (18) ‘வித்திவான் நோக்கும் புன்புலம்’ வருகிறது. விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்துக் கிடக்கும் நிலம் எவ்வளவு அகன்றிருந்தாலும் ஆள்பவனின் முயற்சிக்கு உதவாது. பள்ளமான இடம் பார்த்து நீரைத் தேக்கு என்கிறார் புலவர். பாண்டிய அரசனுக்குப் பாண்டிய நாட்டைப் பற்றிச் சொன்ன திட்ட அறிக்கையாகவே இதை நான் படிக்கிறேன். பரப்பைப் பார்க்காதே, தண்ணீரைப் பார் என்பது அதன் சாரம். எங்கள் பக்கத்துக்கு விளைதிறனின் கீழே வைக்க வேண்டிய எண் அங்கேயே இருக்கிறது: ஒரு கண்மாய்த் தண்ணீருக்கு எத்தனை மூட்டை?

அரசுத் திட்டங்கள் நெடுநாள் இதற்கு எதிர்ப்பக்கம் பார்த்தன. 1960-61இல் தொடங்கிய தீவிர வேளாண்மை மாவட்டத் திட்டத்துக்குத் தமிழ்நாட்டில் தேர்ந்தது தஞ்சாவூரை. உறுதியான பாசனம் உள்ள இடத்தில் பணம் போட்டால் சீக்கிரம் பலன் என்ற கணக்கு. நாடு பசியில் இருந்த நேரம். குறை சொல்ல மாட்டேன். 2025 திட்டம் வரிசையை மாற்றிப் போட்டிருக்கிறது: குறைந்த விளைதிறன், குறைந்த பயிர்ச்செறிவு, குறைந்த கடன் வழங்கல் என்று மூன்று குறைகளைப் பார்த்து மாவட்டம் தேர்ந்திருக்கிறார்கள். இந்த மாற்றம் எனக்குப் பிடித்திருக்கிறது.

பயிர்ச்செறிவு என்பது ஒரே நிலத்தில் ஆண்டுக்கு எத்தனை தடவை பயிர் ஏறுகிறது என்ற கணக்கு. 100 ஏக்கரில் ஒரு தடவை மட்டும் என்றால் 100. அதில் 40 ஏக்கர் மறுபடி விளைந்தால் 140. ‘இருபோகம்’ என்கிறோம், போகம் வடமொழி, நுகர்ச்சி என்று பொருள். அதற்கு நேரான தமிழ் ‘பூ’. ஒருபூ, இருபூ, முப்பூ விளையும் நிலம் என்பது பழைய ஆட்சி. தமிழ்நாட்டின் முதல் தனி வேளாண் நிதிநிலை அறிக்கை 2021 ஆகஸ்ட் 14 அன்று வந்தபோது, இருபூ நிலத்தைப் பத்தாண்டில் 10 லட்சம் ஹெக்டேரிலிருந்து 20 லட்சமாக்குவது ஓர் இலக்கு. செட்டிநாட்டில் முழு இரண்டாம் நெல்லை யாரும் எதிர்பார்க்கவில்லை. நெல் அறுத்த ஈரத்தில் உளுந்து ஏறினாலே அது இரண்டாம் பூ.

இதற்கு வேண்டியவை பெரும்பாலும் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கின்றன. செட்டிநாட்டிலேயே தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மானாவாரி ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. பரமக்குடி நிலையம் 2009இல் வெளியிட்ட ‘அண்ணா 4’ நெல் 100, 105 நாளில் வந்துவிடும், வறட்சி தாங்கும். கண்மாய்க்கு நீர் வரும் வரத்துக்கால்களில் மண்டிய சீமைக்கருவேலத்தை எடுக்க வேண்டும். மடையையும், மிகுநீர் வழியும் கலுங்கையும் சீராக்க வேண்டும். 2021இல் அடிக்கல் நாட்டிய காவிரி–வைகை–குண்டாறு இணைப்பு 262 கிலோமீட்டர். அது வந்தால் வரட்டும். அதுவரை வரத்துக்கால் காத்திருக்க வேண்டியதில்லை.

எழுதுகிறவர்களுக்கு: மொத்த எடைக்கு ‘விளைபொருள் அளவு’ அல்லது உற்பத்தி; பேச்சுக்கு மகசூல், வெள்ளாமை; ஏக்கர் கணக்குக்கு விளைச்சல்; இட்டதற்கும் எடுத்ததற்கும் உள்ள விகிதத்துக்கு விளைதிறன்; பயிர் ஏறும் தடவைக்குப் பூ. ‘விளைதிறன் உயர்ந்தது’ என்று மொட்டையாக எழுத வேண்டாம். ‘கண்மாய் பெருகாத ஆண்டில், விதைத்த ஏக்கருக்கு விளைதிறன்’ என்று முழுதாக எழுதுங்கள். சொல் நீளும், நீளட்டும்.

பெரியப்பா கோடை மழையில் உழுது போட்டு, ஆவணியில் புழுதி விதைப்பாக விதைத்திருக்கிறார். ஐப்பசிக்குக் கம்மா பெருகியதும் கூப்பிடுவதாகச் சொன்னார். எத்தனை வயல் அறுக்கிறார் என்று இந்த முறை போய் எண்ணிவிட்டு வர வேண்டும்.