தான் யார் என்பதையே மறந்து அலைபவருக்குச் சட்டம் தரும் பாதுகாப்பு

வீட்டிலிருந்து கிளம்பிய ஒருவர், எங்கோ ஓர் ஊரில் தன் பெயர்கூடத் தெரியாமல் நிற்கிறார். உடை ஒழுங்காக இருக்கும், பேச்சும் தெளிவாக இருக்கும். எந்த ஊர், யார் வீடு என்று கேட்டால்தான் தடுமாறுவார். இதை மருத்துவர்கள் டிசோசியேட்டிவ் ஃபியூக் என்கிறார்கள். பெரும்பாலும் தாங்க முடியாத அதிர்ச்சியோ மன நெருக்கடியோ காரணமாக இருக்கும். சிலருக்குச் சில மணி நேரத்தில் தெளிந்துவிடும், சிலருக்கு மாதக்கணக்கில் நீளும். தலைக்காயம், வலிப்பு போன்றவற்றாலும் நினைவு தவறலாம் என்பதால் மருத்துவப் பரிசோதனை கட்டாயம் தேவை.

இவர்களைக் குடிகாரர் என்றோ நடிக்கிறார் என்றோ ஒதுக்கிவிடுவதுதான் நடக்கிறது. அது பெரிய அநியாயம். இந்தியாவின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், 2017, மனநோய்க்குத் தரும் விளக்கத்திலேயே நினைவாற்றலைக் கடுமையாகப் பாதிக்கும் கோளாறையும் சேர்த்திருக்கிறது.

அதன் 100-வது பிரிவை எல்லாரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். மனநோயால் தன்னைப் பார்த்துக்கொள்ள முடியாமல் ஒருவர் அலைகிறார் என்று நம்பக் காரணம் இருந்தால், அவரைப் பாதுகாப்பில் எடுப்பது காவல் நிலையப் பொறுப்பு அதிகாரியின் கடமை. 24 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். எந்தச் சூழலிலும் லாக்கப்பிலோ சிறையிலோ வைக்கக் கூடாது. அப்புறம், காணாமல் போனவர் என்று முதல் தகவல் அறிக்கை பதிந்து, குடும்பத்தைத் தேடிக் கண்டுபிடித்துத் தகவல் சொல்வதும் அந்த நிலையத்தின் பொறுப்பே. மருத்துவமனையில் சேர்க்கத் தேவையில்லை என்று மருத்துவர் சொன்னால், அவரை வீட்டுக்கோ, வீடற்றவர் என்றால் அரசுக் காப்பகத்துக்கோ காவல்துறையே அழைத்துப் போக வேண்டும்.

பணம்? ஆதரவற்றவருக்கும் வீடற்றவருக்கும் வறுமைக்கோட்டு அட்டை இல்லாவிட்டாலும் அரசு நடத்தும் அல்லது நிதி தரும் மனநல மையங்களில் சிகிச்சை இலவசம். இது 18-வது பிரிவு. 27-வது பிரிவின்படி இலவசச் சட்ட உதவியும் கேட்கலாம்.

உதவுவதாக நினைத்து நாம் செய்யும் ஒரு தவறும் இருக்கிறது: சிகிச்சையில் இருப்பவரைப் படம் எடுத்துப் பரப்புவது. அவருடைய சம்மதம் இல்லாமல் படத்தையோ விவரங்களையோ ஊடகங்களுக்குக் கொடுக்க 24-வது பிரிவு தடை விதிக்கிறது. குடும்பத்தைத் தேடும் வேலையைக் காவல் நிலையத்திடம் விடுங்கள்.

காணாமல் போனவரின் வீட்டார் உடனே புகார் கொடுத்துவிடுங்கள். அவர் எடுத்துக்கொண்ட மருந்துகள், அண்மையில் பட்ட அதிர்ச்சி, முன்பும் இப்படிப் போயிருந்தால் அது, எல்லாவற்றையும் அதில் சொல்லுங்கள். மனநல ஆலோசனைக்கு அரசின் தொலைபேசிச் சேவையான டெலி மானஸ் எண் 14416-ஐ எந்த நேரமும் அழைக்கலாம், கட்டணம் இல்லை.