கிருமி இல்லை என்று முடிவு வந்த பிறகும் காசநோய் மருந்து ஏன்?

மூளைக்காய்ச்சலுக்காக மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட அக்காள் மகனுக்கு, முதுகில் எடுத்த நீரில் காசநோய்க் கிருமி இல்லை என்று முடிவு வந்த பிறகும் காசநோய் மருந்தைத் தொடங்கிவிட்டார்களே, இது சரிதானா என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். சரிதான்.

நுரையீரலில் இருந்து இரத்தம் வழியாக மூளைக்குச் செல்லும் கிருமி, மூளை உறையை ஒட்டிச் சிறு கட்டியாகத் தங்குகிறது. அக்கட்டி உடைந்து, மூளையைச் சூழ்ந்து முதுகுத்தண்டு வரை இறங்கும் நீரில் கலக்கும்போதே நோய் மூள்கிறது என்பதை 1933இல் அமெரிக்க மருத்துவர்கள் ஆர்னால்டு ரிச்சும் ஹோவர்டு மெக்கார்டாக்கும் பிரேதப் பரிசோதனைகளின் வழியே காட்டினர். நீரில் கலக்கும் கிருமிகளோ மிகச் சில. மூளையின் அடிப்பகுதியில் படியும் பிசின்போன்ற கசிவும், அதனால் நீரோட்டம் அடைபட்டு மூளைக்குள் நீர் கோப்பதும் பெரும்பாலும் உடலின் எதிர்வினையால் நேர்பவை. ஆகவே, குழந்தை நினைவிழந்து கிடக்கும் நிலையிலும் நுண்ணோக்கியில் ஒரு கிருமிகூடத் தென்படாமல் போகலாம். கிருமியை வளர்த்துப் பார்க்கும் வளர்சோதனையின் முடிவுக்கோ வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

இந்த இடைவெளியைக் குறைக்க வந்ததுதான், கிருமியின் டிஎன்ஏவைத் தேடும் ‘எக்ஸ்பர்ட் அல்ட்ரா’ சோதனை. பழைய எக்ஸ்பர்ட் சோதனை தேடிய மரபணு, ஒரு கிருமிக்கு ஒரு பிரதி மட்டுமே இருப்பது. அல்ட்ராவோ அதனுடன், கிருமியின் டிஎன்ஏவில் பல இடங்களில் திரும்பத் திரும்ப வரும் ஐஎஸ்6110, ஐஎஸ்1081 என்னும் இரு துண்டுகளையும் தேடுகிறது. கிருமி ஒன்றே ஆனாலும் பிடிபடும் வாய்ப்பு பெருகுகிறது. தென்னிந்தியாவில் பரவும் கிருமிகளில் கணிசமானவற்றுக்கு ஐஎஸ்6110 ஒரே பிரதியாகவோ, அறவே இல்லாமலோ இருப்பதைச் சென்னை காசநோய் ஆராய்ச்சி மையம் 1990களிலேயே கண்டறிந்தது. அத்தகைய கிருமியிலும் ஐஎஸ்1081 பல பிரதிகளாக இருக்கிறது என்பதால், இரண்டாம் துண்டையும் சேர்த்தது நமக்குப் பெரும் பேறு என்றே கருதுகிறேன். பழைய சோதனைக்கு மில்லிலிட்டருக்கு நூற்றுக்கும் மேற்பட்ட கிருமிகள் தேவைப்பட்ட இடத்தில், அல்ட்ராவுக்கு ஏறத்தாழ 16 போதும்.

ஆனால் சிறு குழந்தையிடம் எடுக்க முடிவது சில மில்லிலிட்டர் நீரே; அதையும் பல சோதனைகளுக்குப் பங்கிட்டால், இருக்கும் சில கிருமிகள் அல்ட்ராவுக்கான குழாயில் விழாமலே போகலாம். எனவே மருத்துவர் வேறு தடயங்களையும் கூட்டிப் பார்க்கிறார்: ஐந்து நாளுக்கு மேல் நீடிக்கும் காய்ச்சலும் வாந்தியும், விளையாட்டை விட்டுச் சுருண்டு படுக்கும் சோர்வு, வீட்டில் டிபி உள்ள பெரியவர், நீரில் நிணநீர் அணுக்கள் என்னும் ஒருவகை வெள்ளையணுக்களும் புரதமும் மிகுந்து சர்க்கரை இரத்தத்தில் உள்ளதில் பாதிக்கும் கீழே இறங்கியிருப்பது, மூளைக்குள் நீர் கோத்திருப்பது ஸ்கேனில் தெரிவது.

முதுகில் ஊசி போட்டால் கால் விளங்காமல் போய்விடும் என்று அஞ்சிச் சோதனையை மறுப்பவர்கள் இன்றும் உள்ளனர். அந்த அச்சத்துக்கு அடிப்படையே இல்லை. தண்டுவடம் முடிந்த பிறகு, அதற்குக் கீழேதான் ஊசி இறங்குகிறது.

வளர்சோதனையில் கிருமி வளர்ந்தால், எந்த மருந்துக்கு அது கட்டுப்படும் என்பதும் தெரியவரும். வளரவில்லை என்பதை மட்டும் வைத்து, தொடங்கிய மருந்தை நிறுத்துவதில்லை.