மெர்காப்டன்: பாதரசத்தைக் கவ்வும் சொல்

சமையல் எரிவாயு கசிந்தால் தெரியவேண்டும் என்பதற்காக அதில் கலக்கப்படும் நாற்றப்பொருளின் பெயர் எத்தில் மெர்காப்டன். இப்பெயருக்கும் நாற்றத்துக்கும் தொடர்பில்லை. டென்மார்க்கைச் சேர்ந்த வேதியியலாளர் வில்லியம் கிறிஸ்டோபர் ஸைசு 1830களில் இவ்வகைக் கந்தகச் சேர்மங்களை ஆராய்ந்தபோது, அவை பாதரசத்தோடு உடனே இணைவதைக் கண்டு, 'பாதரசத்தைப் பற்றுவது' எனப் பொருள்படும் 'மெர்கூரியம் காப்டன்ஸ்' என்னும் இலத்தீன் தொடரைச் சுருக்கி இப்பெயரை இட்டார்.

பாதரசம், ஈயம் போன்ற கன உலோகங்கள் மனித உயிரணுவை எவ்வாறு கெடுக்கின்றன என்பதற்கான விடையின் பெரும்பகுதி இந்தப் பெயருக்குள்ளேயே இருக்கிறது. மெர்காப்டனில் உள்ள கந்தக-ஹைட்ரஜன் தொகுதியே நம் புரதங்களில் சிஸ்டீன் என்னும் அமினோ அமிலத்தின் நுனியிலும் இருக்கிறது. அது தளையின்றி இருக்கும்வரை மட்டுமே இயங்கக்கூடிய நொதிகள் பல, பாதரசம் அதைப் பற்றியதும் முடங்கிவிடுகின்றன. உயிரணுவைக் காக்கும் குளூட்டாத்தயோன் என்னும் சிறு மூலக்கூறும் இதே தொகுதியால்தான் உலோகத்தைப் பிடிக்கிறது என்பதால், நஞ்சு மிகும்போது அதன் இருப்புக் கரைந்து, ஆக்சிஜனேற்றச் சிதைவு மைட்டோகாண்ட்ரியாவரை பரவுகிறது. ஈயமோ, இரத்தத்துக்குச் சிவப்பு நிறம் தரும் ஹீம் என்னும் இரும்புச் சேர்மம் உருவாக உதவும் நொதியில் சிஸ்டீன்கள் பிடித்திருக்கும் துத்தநாகத்தை வெளியேற்றிவிட்டு அவ்விடத்தில் அமர்கிறது.

மிகக் கொடியது மெத்தில் பாதரசம். சிஸ்டீனோடு இணைந்தபின் அது மெத்தியோனின் என்னும் அமினோ அமிலத்தைப் போலத் தோற்றமளிப்பதால், மூளையின் காப்புத்தடை அதை உணவென்று எண்ணி உள்ளே விடுகிறது. ஜப்பானின் மினமாட்டாவில் ஆலைக்கழிவு கலந்த கடலின் மீனை உண்டவர்களுக்கு நேர்ந்து, 1956-இல் முறையாகப் பதிவான துயரத்தின் வேர் இதுவே.

அதே பற்றுதல் மருந்தாகவும் ஆயிற்று. இரண்டாம் உலகப் போரின்போது, ஆர்சனிக் அடங்கிய லூயிசைட் என்னும் போர்நஞ்சுக்கு முறிமருந்தாக ஆக்ஸ்ஃபோர்டில் உருவான டைமெர்காப்ரால், தன் இரு கந்தகக் கைகளால் உலோகத்தைப் புரதத்திடமிருந்து பறித்துக்கொள்கிறது.

மெர்காப்டனுக்கு இன்று வழங்கும் தயோல் என்னும் பெயர், கந்தகத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது; சேர்மத்தில் என்ன இருக்கிறது என்று அது சொல்கிறதே தவிர, என்ன செய்கிறது என்று சொல்வதில்லை. பாதரசத்துக்குத் தமிழில் 'இதள்' என்னும் பழஞ்சொல் உண்டு. மெர்காப்டனைத் தமிழில் 'இதள்பற்றி' என்றால் 'இதளைக் குறித்து' என்று பொருள் மாறக்கூடும் என்பதால், 'இதள்கவ்வி' என்பதே பொருத்தமெனக் கருதுகிறேன். கடத்தி, உறிஞ்சி என்பவை போன்ற அமைப்பிலேயே இதுவும் வருகிறது. எளிதில் விடாத பிடி என்னும் பொருளும் 'கவ்வு' என்பதில் இருக்கிறது.