சிடிஆர்: அழைப்பே இல்லாத அழைப்புப் பதிவு

கொலை வழக்குச் செய்தி எதை எடுத்தாலும் நாலாவது பத்தியில் ஒரு வரி இருக்கும்: "அவரது செல்போன் அழைப்பு விவரங்களைப் போலீஸார் ஆய்வு செய்து வருகின்றனர்." அந்த அழைப்பு விவரங்களுக்கு ஸ்டேஷனில் பெயர் சிடிஆர். போலீஸுக்கு அது தடயம். மொபைல் நெட்வொர்க்கில் டேட்டா போகிற பக்கத்தைக் கவனிக்கும் என் போன்றவர்களுக்கு அது காசு. எழுத்து மூன்றும் ஒன்றுதான், விரிவுதான் வேறு.

போலீஸ் சொல்லும் சிடிஆர், கால் டீடெயில் ரெக்கார்ட். மொபைல் தரங்களை வகுக்கிற 3ஜிபிபி அமைப்பின் ஆவணங்களில் அதே சிடிஆர், சார்ஜிங் டேட்டா ரெக்கார்ட். 'சி'யும் 'டி'யும் ஆள் மாறிவிட்டன, 'ஆர்' மட்டும் பழைய ஆள். கடைப் பெயர்ப்பலகையை அப்படியே விட்டுவிட்டு உள்ளே வியாபாரத்தை மாற்றிக்கொண்ட கதை. தமிழில் நாம் இன்னும் பலகையை மட்டும் படித்து 'அழைப்பு விவரப் பதிவு' என்று எழுதிக்கொண்டிருக்கிறோம்.

முதல் விரிவு எங்கிருந்து வந்தது என்று பார்க்க டிரங்க் கால் காலத்துக்குப் போக வேண்டும். வெளியூருக்குப் பேச எக்ஸ்சேஞ்சில் சொல்லி புக் செய்துவிட்டுக் காத்திருப்பார்கள். ஆர்டினரி, அர்ஜென்ட், லைட்னிங் என்று மூன்று தரம், அவசரத்துக்குத் தக்க காசு. லைன் கிடைத்ததும் ஆபரேட்டர் ஒரு துண்டுச் சீட்டில் குறிப்பார்: யார் கேட்டது, எந்த ஊர், எந்த நம்பர், எத்தனை மணிக்கு, எத்தனை நிமிடம். அந்தச் சீட்டுக்குப் பெயர் டிக்கெட். மாதக் கடைசியில் ஒருவர் பெயரில் உள்ள டிக்கெட்டுகளைக் கூட்டினால் பில்.

பிறகு எஸ்டிடி வந்தது. இந்தியாவில் 1960இல் கான்பூருக்கும் லக்னோவுக்கும் இடையே முதலில். ஆபரேட்டர் போனார், அவரோடு சீட்டும் போனது. அந்த இடத்தில் உட்கார்ந்தது மீட்டர். பேசப் பேச மீட்டருக்குத் துடிப்பு வரும், தூரம் கூடினால் துடிப்பு வேகமாக வரும். இந்த மாத எண்ணிலிருந்து போன மாத எண்ணைக் கழித்தால் பில். யாரோடு பேசினோம், எப்போது பேசினோம் என்பதெல்லாம் மீட்டருக்குத் தெரியாது. "இவ்வளவு நான் பேசவே இல்லை" என்று சண்டைக்குப் போனால், வாடிக்கையாளரிடமும் காட்ட ஒன்றும் இல்லை, அலுவலகத்திடமும் இல்லை. கால் டீடெயில் ரெக்கார்ட் என்ற பெயரில் 'டீடெயில்' ஏன் அத்தனை அழுத்தமாக உட்கார்ந்திருக்கிறது என்பது மீட்டரோடு மல்லுக்கட்டியவர்களுக்குத்தான் புரியும்.

அமெரிக்காவில் பெல் நிறுவனம் சீட்டைக் கைவிடவில்லை, சீட்டு எழுதும் வேலையை இயந்திரத்திடம் கொடுத்தது. 1948இல் பென்சில்வேனியாவின் மீடியா என்ற ஊரில் நிறுவிய ஐந்தாம் எண் கிராஸ்பார் எக்ஸ்சேஞ்ச், ஒவ்வோர் அழைப்பையும் காகித நாடாவில் துளையிட்டுக் குறித்தது. யார் யாரை அழைத்தார் என்பது நாடாவில் ஓரிடத்தில், மறுமுனை எடுத்த நேரம் வேறிடத்தில், வைத்த நேரம் இன்னும் தள்ளி. கணக்கு மையத்தில் இந்தத் துண்டுகளைத் தேடிப் பொருத்தி ஓர் அழைப்பாக்குவார்கள். துண்டு துண்டாக எழுதிப் பிறகு ஒட்டவைக்கும் இந்தப் பழக்கத்தை மறந்துவிடாதீர்கள், டேட்டாவில் மறுபடி வரும்.

சொற்களின் வேரைக் கொஞ்சம் கிளறலாம். டீடெயில், வெட்டுவதைக் குறிக்கும் பிரெஞ்சு வினையிலிருந்து வந்தது. துணி வெட்டும் டெய்லரும் அதே குடும்பம். சார்ஜ், பிற்கால லத்தீனில் வண்டியில் பாரம் ஏற்றுவது. நாம் ஓட்டும் காரும் அந்த வண்டியின் பேத்திதான். பாரம் ஏற்றுவது, பிறகு பொறுப்பை ஏற்றுவது, குற்றம் சுமத்துவது, காசைச் சுமத்துவது என்று சொல் நகர்ந்தது. "என் கணக்குல ஏத்திக்கோங்க அண்ணாச்சி" என்று மளிகைக் கடையில் சொல்லும்போது நாமும் அதே வண்டியில்தான் ஏற்றுகிறோம். ரெக்கார்டில் லத்தீனின் 'கோர்' இருக்கிறது, அதாவது நெஞ்சு. மறுபடி நெஞ்சுக்குக் கொண்டுவருவது ரெக்கார்ட். தமிழில் பதிவு. ஈர மண்ணில் கால் பதிகிறது, நெஞ்சில் முகம் பதிகிறது. இரண்டு மொழியும் தனித்தனியே நடந்து ஒரே நெஞ்சில் வந்து நிற்பதால், 'ஆர்' என்ற எழுத்துக்குப் 'பதிவு' என்பதில் எனக்கு எந்த வழக்கும் இல்லை. வழக்கு 'சி'யோடுதான்.

ஒருவர் தாம்பரத்தில் பஸ் ஏறி விழுப்புரம் வரை வீடியோ பார்த்துக்கொண்டு போகிறார். யாரையும் அழைக்கவில்லை, யாரும் அவரை அழைக்கவில்லை. ஆனாலும் அவர் பெயரில் சிடிஆர்கள் பிறந்துகொண்டே இருக்கின்றன. பிறக்கும் இடம், மொபைல் நெட்வொர்க்கும் வெளி இணையமும் சந்திக்கும் நுழைவாயில். 3ஜியில் அதற்கு ஜிஜிஎஸ்என் என்று பெயர், 4ஜியில் பிஜிடபிள்யூ. அவருடைய ஒவ்வொரு பைட்டும் அதன் வழியாகத்தான் போய் வர வேண்டும் என்பதால் எண்ணுவதற்குத் தோதான இடம் அதுவே.

போன் பேச்சுக்கு முடிவு உண்டு. டேட்டா இணைப்பு நாள்கணக்கில் திறந்தே கிடக்கும். முடியட்டும் என்று காத்திருந்தால், நடுவில் நுழைவாயில் பெட்டி சாய்ந்த அன்று மொத்தக் கணக்கும் போய்விடும். அதனால் இவ்வளவு எம்பி ஆனதும் அல்லது இவ்வளவு நேரம் ஆனதும் நுழைவாயில் ஒரு பதிவை மூடி, வரிசை எண் போட்டு, அடுத்ததைத் திறக்கும். ஏன் மூடியது என்பதற்கும் எண் உண்டு: 0 என்றால் இயல்பான முடிவு, 16 என்றால் அளவு நிறைந்தது, 17 என்றால் நேரம் நிறைந்தது. விழுப்புரத்தில் இறங்குவதற்குள் நம் ஆளுக்குப் பல துண்டுகள் சேர்ந்திருக்கும். எல்லாத் துண்டிலும் சார்ஜிங் ஐடி என்ற ஒரே அடையாள எண் இருப்பதால் பின்னால் ஒட்டவைத்துக்கொள்ளலாம். மீடியா ஊரின் காகித நாடா செய்த வேலைதான்.

ஒரு துண்டைத் திறந்து பார்த்தால் கண்ணுக்கு எழுத்தாக அதிகம் தெரியாது, பைட்டுகள்தான். நேரத்துக்கு ஒன்பது பைட்டு ஒதுக்கியிருக்கும். முதல் ஆறில் ஆண்டு முதல் நொடி வரை. கடைசி மூன்று நம் ஊர்ப் பதிவுகளில் 2பி 05 30 என்று நிற்கும். 2பி என்பது கூட்டல் குறி, மற்ற இரண்டும் கிரீன்விச்சுக்கு நாம் முன்னால் இருக்கிற ஐந்தரை மணி நேரம். இலங்கைப் பதிவிலும் அதே மூன்று பைட்டுதான் இருக்கும். ராத்திரி இரண்டு மணிக்குத் திரை முழுக்க எண்களாக ஓடும்போது இந்த 2பி 05 30 கண்ணில் பட்டால் பஸ் ஸ்டாண்டில் தெரிந்த முகத்தைப் பார்த்த மாதிரி இருக்கும்.

மூடிய பதிவு நுழைவாயிலிலேயே இருந்தால் பில் ஆகாது. சேமிப்பு சர்வருக்குப் போக வேண்டும். அதற்கு நுழைவாயிலில் எழுதும் அமைவு பத்துப் பதினைந்து வரிதான்: அனுப்புகிறவரின் முகவரி, வாங்குகிற சர்வர்களின் முகவரி, அவற்றில் யார் முதல், யார் அடுத்து, போர்ட் 3386, பதிலுக்கு எத்தனை நொடி காத்திருப்பது, எத்தனை தடவை திரும்ப அனுப்புவது, எல்லாச் சர்வரும் படுத்துவிட்டால் சொந்த ஹார்ட் டிஸ்கில் ஃபைலாக எழுதி வைப்பதா. கடைசியாக 'டிக்ஷனரி'. அகராதி என்று மொழிபெயர்த்துவிடாதீர்கள். எந்தெந்த விவரத்தை எந்த வடிவில் எழுதுவது என்ற பட்டியல்தான் அது.

அந்த டிக்ஷனரியில் நான் வாங்கிக் கட்டிக்கொண்ட கதை ஒன்று உண்டு. ஒரு நிறுவனத்தில், பெயர் வேண்டாம், மென்பொருளைப் புதுப்பித்த இரவில் அந்த ஒரு வரியைப் பழையபடி திருப்ப மறந்துவிட்டேன். சேமிப்பு சர்வர் ஒவ்வொரு பொட்டலத்துக்கும் "பெற்றுக்கொண்டேன்" என்றே பதில் சொன்னது. அது தபால் பெட்டி மாதிரி, கடிதத்தைப் பிரித்துப் படிக்காது. எல்லாம் பச்சையாக இருக்கிறதென்று நான் தூங்கப் போய்விட்டேன். மறுநாள் மதியம் பில்லிங்கிலிருந்து போன்: "சார், ஃபைல் எல்லாம் வந்திருக்கு. ஒண்ணையும் படிக்க முடியலையே!"

அனுப்பும் நெறிமுறைக்குப் பெயர் ஜிடிபி பிரைம். இதன் அண்ணன் ஜிடிபி, மொபைல் நெட்வொர்க்குக்குள் டேட்டாவைச் சுரங்கம் வழியே போல் கடத்தும் நெறிமுறை; அதில் உள்ள 'டி' சுரங்கத்தைக் குறிக்கிறது. ஆனால் பிரைம் எந்தச் சுரங்கமும் வெட்டுவதில்லை. அண்ணனின் பொட்டலத் தலைப்பை மட்டும் சட்டையாகப் போட்டுக்கொண்டு சீட்டு தூக்குகிற தம்பி அது. இந்தத் துறையில் பெயருக்கும் வேலைக்கும் ஒட்டில்லாதது சிடிஆர் மட்டுமல்ல.

இந்த நெறிமுறையில் எனக்குப் பிடித்தது ஒரே பதிவுக்கு இரண்டு முறை காசு வாங்காமலிருக்க அது எடுத்துக்கொள்ளும் சிரத்தை. முதல் சர்வருக்கு ஒரு பொட்டலம் போகிறது, பதில் இல்லை. பொட்டலம் போய்ச் சேரவில்லையா, பதில் திரும்ப வரவில்லையா? தெரியாது. நுழைவாயில் அதே பொட்டலத்தை இரண்டாவது சர்வருக்கு அனுப்பும்போது, இது இரண்டாம் பிரதியாக இருக்கலாம் என்று குறி போட்டு அனுப்புகிறது. அவரும் அதை பில்லிங்குக்கு விடாமல் ஓரமாக வைத்துக்கொள்வார். முதல் சர்வர் எழுந்ததும் நுழைவாயில் அதனிடம் அதே வரிசை எண்ணில் உள்ளே ஒன்றுமில்லாத பொட்டலம் ஒன்றை நீட்டிப் பார்க்கும். "இது ஏற்கெனவே வந்துவிட்டது" என்று பதில் வந்தால் இரண்டாமவரிடம் "கிழித்துப் போடு". புதிதாக ஏற்றுக்கொண்டால் "உன்னிடம் உள்ளதை விடு". பற்று நோட்டில் அண்ணாச்சி ஒரு தடவை, கடைப்பையன் ஒரு தடவை எழுதிவிடும் வீடுகளுக்கு இதன் அருமை தெரியும். இந்தக் குறிக்கு நான் 'இரட்டை ஐயம்' என்று எழுதுகிறேன். ஐயம் தீரும்வரை காசு இல்லை.

இப்போது தமிழுக்கு வரலாம். 'அழைப்பு விவரப் பட்டியல்' என்பதைப் பத்திரிகைகள் எழுதலாம், தப்பில்லை. போலீஸ் வாங்குவது பல பதிவுகளின் பட்டியலைத்தானே. இணையப் பயன்பாட்டு விவரத்துக்கு அவர்களே ஐபிடிஆர் என்று தனிப்பெயர் சொல்கிறார்கள். இந்த இரண்டையும் குறைந்தது இரண்டு ஆண்டு பாதுகாக்க வேண்டும் என்று 2021 டிசம்பரில் மத்தியத் தொலைத்தொடர்புத் துறை உரிம விதியைத் திருத்தியது. ஆனால் டேட்டா நுழைவாயில் பற்றிய ஆவணத்தில் 'அழைப்பு' என்று எழுதினால் படிப்பவர் வழி தவறுவார்.

'கட்டணத் தரவுப் பதிவு' என்பது 3ஜிபிபி விரிவுக்குச் சொல்லுக்குச் சொல். இதிலும் ஒரு வில்லங்கம். பதிவில் கட்டணம் கிடையாது. எத்தனை பைட்டு, எப்போது, எந்த ஊரில் என்றுதான் இருக்கும். ரூபாய் பின்னால் பில்லிங்கில்தான் பிறக்கிறது. அன்லிமிடெட் திட்டக்காரருக்கும் பதிவு உண்டு, கட்டணம் எதுவும் ஏறாது.

டிரங்க் கால் டிக்கெட்டை ஆங்கிலத்தில் டோல் டிக்கெட் என்பார்கள். டோல் நம் சுங்கம், பழந்தமிழில் உல்கு. 'உல்குச் சீட்டு' என்று எழுதிப் பார்த்து நானே ரசித்துக்கொண்டேன். பிறகு அடித்துவிட்டேன். சுங்கம் அரசு வாங்குவது. தவிரவும், சுங்கம் தவிர்த்த குலோத்துங்கனின் பட்டத்தை இலவச டேட்டா கொடுக்கும் நிறுவனங்கள் கேட்டு வந்துவிடும்.

எனக்கு வழி காட்டியது பிளஸ் ஒன் கணக்குப்பதிவியல் புத்தகத்துத் தமிழ். அங்கே லெட்ஜர் பேரேடு, ஜர்னல் குறிப்பேடு, ஒவ்வொரு பதிவுக்கும் ஆதாரமான வவுச்சர் சான்றுச்சீட்டு. பில்லிங் பேரேடு என்றால் சிடிஆர் சான்றுச்சீட்டு. அதில் தொகை முடிவாவதில்லை, நடந்ததற்கு அது சாட்சி. பிரெஞ்சுக்காரர்கள் இன்றும் இதை டிக்கெட் என்றுதான் சொல்கிறார்கள். ஆபரேட்டர் கிழித்த துண்டுச் சீட்டு அந்த மொழியில் இன்னும் உயிரோடு இருக்கிறது. ஆகவே என் தேர்வு 'பயன்பாட்டுச் சீட்டு'. பேச்சு, குறுஞ்செய்தி, டேட்டா மூன்றுக்கும் பொருந்தும். பயணச்சீட்டு, மருந்துச்சீட்டு பழகிய வாய்க்கு உறுத்தாது. ஏலச்சீட்டோடு குழம்புமே என்று ஒரு நண்பர் கேட்டார். ஏலச்சீட்டுக்காரர்தான் காணாமல் போவார், இது இரண்டு ஆண்டு இருக்கும் என்றேன். 5ஜியில் சீட்டு எழுதும் வேலை நுழைவாயிலிடமிருந்து சிஎச்எஃப் என்ற தனிப் பிரிவுக்குப் போய்விட்டது. எழுதுகிற கை மாறினாலும் இந்தப் பெயர் நிற்கும். முதல் தடவை எழுதும்போது மட்டும் பக்கத்தில் சிடிஆர் என்று சொல்லிவிடுங்கள்.

போன வாரம் எழுதிய செயல்முறைக் குறிப்பில் ஒரு வரி இப்படிப் போனது: 'நுழைவாயில், மூடிய பயன்பாட்டுச் சீட்டுகளை முதல் சேமிப்பகத்துக்கு அனுப்பும், ஐந்து நொடியில் பதில் இல்லையென்றால் இரட்டை ஐயக் குறியிட்டு அடுத்த சேமிப்பகத்துக்கு அனுப்பும்.' இரவு ஷிப்டுக்குப் புதிதாக வந்த பையன் படித்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டான்: "ஐயம் தீர்ற வரைக்கும் அந்தச் சீட்டு யார்கிட்ட சார் இருக்கும்?"